செருப்பைக் கழற்றவைத்த அருங்காட்சியகம்

என் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. எழுத்துப் பிழை இருந்தால் அச்சடிக்கிறவர்கள் திருத்திக்கொள்ளவும். நடந்ததை மட்டும் திருத்த வேண்டாம்.

சித்திரை மாதம் ஒரு ஞாயிறு, காலை எட்டு மணிக்கு ஆம்பூரில் பஸ் ஏறினோம்: நான், மனைவி மல்லிகா, மகள் பவித்ரா. மாதனூர், பள்ளிகொண்டா வழியாக வேலூர் ஐம்பது கிலோமீட்டர். கோட்டைக்கு எதிரே புதிதாகக் கட்டியிருக்கும் அருங்காட்சியகத்தில் மாப்பிள்ளை வீட்டாரைச் சந்திக்க ஏற்பாடு. கோயில் என்றால் தெரிந்தவர்கள் கண்ணில் பட்டுவிடுவோம் என்று அவர்கள்தான் இந்த இடத்தைச் சொன்னார்கள். குடியாத்தத்தில் லுங்கித் தறி ஓட்டும் குடும்பம். பையனின் படத்தை மட்டும் பார்த்திருந்தேன்.

ஏற்கெனவே இரண்டு இடம் என்னால் தட்டிப்போனது. புது ஆட்கள் முன்னால் எனக்கு வாய் எழாது. பெண்ணின் அப்பாவுக்குத் திமிர் என்று சொல்லிவிட்டார்கள். பஸ்ஸில் மல்லிகா காதோடு சொன்னாள்: "இந்த வாட்டியாவது வாயத் தொறந்து பேசுய்யா. ஜாஸ்தி வேணாம். நாலே நாலு வார்த்த."

ஒன்பதரைக்குக் கோட்டை வந்தது. புதுக் கட்டடம் மதிலைவிட உயரம் போகவில்லை. அதே சாம்பல் நிறக் கல். முகப்பில் வரிசையாகக் கல்தூண்கள், கோட்டைக்குள் இருக்கும் கோயில் மண்டபத்துக்குத் தம்பி மாதிரி. சிற்பம் மட்டும் இல்லை. படியேறியதும் என் கை தானாக ஷூவைக் கழற்றியது. பாதி பக்தி. மீதி, நான் வேலை பார்க்கும் ஷூ தொழிற்சாலையில் தள்ளுபடிக்கு வாங்கிய அந்த ஷூ கடித்த கடி. மல்லிகாவும் பவித்ராவும் கழற்றினார்கள். பின்னால் வந்த குடும்பமும் கழற்றியது.

காவலாளி தலையில் கை வைத்தார். "யோவ், இது கோயில் இல்லய்யா, மியூசியம்! தெனம் இதே பேஜாரு. ஒருத்தர் அவுத்தா ஊரே அவுக்குது."

மறுபடி மாட்டிக்கொள்ளக் கூச்சம். "அவங்க வந்தா உள்ள கூட்டிட்டு வா" என்று மல்லிகா என்னை வாசலில் உட்காரவைத்துவிட்டு, பவித்ராவோடு உள்ளே போனாள். காவலாளியும், "அண்ணே, ஒரு டீ அடிச்சிட்டு வர்றேன்" என்று நழுவினார்.

கொஞ்ச நேரத்தில் செருப்புக் குவியல். எனக்கு பேக்கிங் பிரிவில் வேலை. நாளெல்லாம் இடதையும் வலதையும் சேர்த்துப் பெட்டியில் வைப்பவன். தாறுமாறாகக் கிடப்பதைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. ஜோடி சேர்த்து வரிசையாக அடுக்கினேன். அதன் பிறகு வந்தவர்கள் நேராக என்னிடமே நீட்டினார்கள்.

"டோக்கன் தர மாட்டியா? காணாம போனா இன்னா செய்யறது?" என்று ஓர் அம்மா சண்டைக்கே வந்தார். நான் அந்த ஆள் இல்லை என்று சொல்ல நினைத்தேன். வாயில் வரவில்லை.

அடுத்து வெள்ளை வேட்டிக்காரர் ஒருவர் மனைவியோடு வந்தார். "தம்பி, புதுச் செருப்பு. பாத்துக்கோ. முக்கியமான வேலயா வந்துருக்கோம்" என்று என் சட்டைப் பையில் பத்து ரூபாயைச் செருகினார். தலையாட்டினேன்.

பின்னாலேயே வந்த பையன், "அப்பா, இங்க செருப்போடவே போலாம்பா" என்றான். படத்தில் பார்த்த அதே முகம். நான் எழுவதற்குள் மூவரும் உள்ளே போய்விட்டார்கள்.

காவலாளி திரும்பியதும் வெறுங்காலோடு உள்ளே நடந்தேன். வெளியே அத்தனை வெயில், உள்ளே தரை சில்லென்று இருந்தது. ஒரு பக்கச் சுவர் முழுவதும் கண்ணாடி. எதிரே அகழித் தண்ணீரும் கோட்டை மதிலும், அதற்குள் வைத்த காட்சிப்பொருள் மாதிரி தெரிந்தன. அதன் முன்னால் பவித்ராவும் பையனும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"பொண்ணோட அப்பா வரலீங்களா?" என்று வேட்டிக்காரர் மல்லிகாவிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"தோ, வர்றாரே."

அவர் திரும்பினார். நான் பத்து ரூபாயை நீட்டினேன்.

"உங்க செருப்பு பத்திரமா இருக்குதுங்க."

எண்ணி நாலு வார்த்தை.

அவர் முகம் வெளிறியது. "ஐயையோ, சம்பந்தி!" என்று என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். கல்மண்டபம் அதை இரண்டு முறை திருப்பிச் சொன்னது.

மல்லிகா விடுவாளா? "எல்லாரும் கேட்டுக்கோங்க, அவரே சம்பந்தின்னுட்டாரு!"

பையனின் அம்மா சிரித்தபடி, "நாம சொன்னா ஆச்சா? அதுங்கள கேளுங்க" என்றார். பவித்ராவும் பையனும் எங்களுக்கு முதுகைக் காட்டி அகழியைப் பார்த்து நின்றார்கள். இருவரும் சிரிப்பது கண்ணாடியில் தெரிந்தது.

மாலை திரும்பும்போது எங்கள் தொழிற்சாலையின் நீலத் தகரக் கூரை இரண்டு கிலோமீட்டருக்கு முன்பே கண்ணைக் குத்தியது. பக்கத்து ஓட்டு வீடுகளோடு அதற்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. நாளெல்லாம் ஷூ செய்யும் இடம், ஆனால் மரியாதைக்கென்று அங்கே யாரும் செருப்பைக் கழற்றி நான் பார்த்ததில்லை. வேலூர்க் கட்டடம் கோட்டை, கோயில் என்று பெரியவர்கள் நடுவே அடக்கமாக நிற்கிறது. ஏதோ என் ஜாதகம் அதற்கும் இருக்கும்போல.

எழுதி முடித்தது ஆவணி இருபத்தேழு, திங்கட்கிழமை. நேற்றுதான் கல்யாணம். மண்டப வாசலில் செருப்பைக் கழற்றிய சம்பந்தி, பக்கத்தில் நான் நிற்பதைப் பார்த்ததும் மறுபடி மாட்டிக்கொண்டார்.