மூன்று தப்புள்ள ஸ்வெட்டர்

கம்பளி நூல் கடையின் பின்மூலையில் நூல் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்திருப்பவரை ஊரே டாக்டரம்மா என்றுதான் கூப்பிடும். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். ஆனால் பாதி பின்னிய ஸ்வெட்டரை யாராவது நீட்டினால் போதும், கண்ணாடியை மூக்கில் ஏற்றிவிட்டு, "முப்பத்தோராவது வரிசையில யாராச்சும் கதவைத் தட்டினாங்களா?" என்று கேட்பார். வந்தவள் வாயைப் பிளப்பாள். தட்டியிருப்பார்கள்.

தப்புகள் மொத்தமே ஏழெட்டுதான் என்பது அவர் கட்சி. வரிசை நடுவில் கீழே வைத்துவிட்டு, திரும்ப எடுக்கும்போது வந்த வழியே போனால் ஓட்டை விழும். நூலை ஊசிக்கு முன்னால் மறந்து விட்டால் ஒரு கண்ணி கூடும். கண்ணி நழுவினால் ஏணி மாதிரி அடிவரை இறங்கிக்கொண்டே போகும். கொக்கி ஊசியால் படிப்படியாக மேலே ஏற்றிக் கொண்டுவர வேண்டும், அழக் கூடாது. பதினெட்டு வருடமாக இந்த வைத்தியம்தான்.

ஒரு வியாழக்கிழமை, சினிமாவுக்கு உடை தைக்கும் ஒருவர் கடைக்குள் ஓடி வந்தார். கையில் பூனைக்குட்டிக்குக்கூடப் பத்தாத ஒரு பச்சை ஸ்வெட்டர்.

"வெந்நீர்ல போட்டுட்டேம்மா. சுருங்கிருச்சு. இதே மாதிரி ஒண்ணு வேணும், அடுத்த சனிக்கிழமைக்குள்ள."

"பின்னிட்டாப் போச்சு. இதுக்கு ஏன் இப்படி மூச்சு வாங்கறீங்க?"

"இதே மாதிரின்னா இந்தத் தப்போட. ஹீரோ மாடிப்படியில உருண்டு விழுந்தாச்சு. இனிமே கீழ கிடந்து எழுந்திருக்கணும். எழுந்திருக்கும்போது ஸ்வெட்டர் திருந்தியிருந்தா டைரக்டர் என்னை உருட்டி விட்டுருவாரு. வேலை போயிரும்மா."

முன்பக்கத்தைப் பெரிதாக எடுத்த படத்தை அவர் காட்டினார். இடுப்புக்கு மேலே ஒரு ஓட்டை. வயிற்றில் நழுவிய இரண்டு கண்ணி. நெஞ்சில், வலப்பக்கம் புரள வேண்டிய ஜடைப் பின்னல் இடப்பக்கம் புரண்டிருந்தது. டாக்டரம்மாவுக்கு அது எந்த ஸ்வெட்டர் என்று தெரிந்துவிட்டது. இருபது வருடம் சாப்பாட்டு மேசையில் எதிரே உட்கார்ந்து பார்த்த தப்புகள் அவை. கணவரின் அக்கா தன் தம்பிக்குப் பின்னிக் கொடுத்தது. "எங்கக்கா பின்னினது, கை வைக்காதே" என்று கணவர் சொல்லிவிட்டதால் திருத்தவும் வழியில்லை. பொறுக்க முடியாமல் டாக்டரம்மா இரண்டு வருடத்துக்கு முன் அதைப் பழைய துணிக்கடையில் போட்டுவிட்டார். ஒவ்வொரு ஞாயிறும் வந்து நாத்தனார் கேட்பார். சலவைக்குப் போயிருக்கிறது என்பார். இரண்டு வருடமாகச் சலவையில் இருந்தது அது.

முதுகையும் கைகளையும் மூன்று நாளில் பின்னி முடித்தார். முன்பக்கம்தான் காலை வாரியது. வேண்டுமென்றே ஒரு கண்ணியை நழுவ விட்டுவிட்டுத் தண்ணீர் குடிக்க எழுந்தார். எழுவதற்குள் கை அதை ஏற்றிவிட்டிருந்தது. கண்ணை மூடிக்கொண்டு பின்னினார். கணவரோடு சண்டை போட்டுக்கொண்டே பின்னினார். சண்டையில் தோற்றார், பின்னலில் ஒரு பழுதும் இல்லை.

வேறு வழி? நாத்தனார் வீட்டுக்குப் போனார்.

"அண்ணி, உங்க தம்பிக்கு அதே மாதிரி இன்னொண்ணு வேணுமாம். முன்பக்கம் மட்டும் நீங்க போட்டுக் குடுங்க."

"அதே மாதிரியா? உனக்கே பிடிச்சிருந்துதா அது?" நாத்தனார் முகம் பூரித்துப் போனது. "இரு, இந்தத் தடவை ரொம்பக் கவனமாப் போடறேன்."

அங்கேதான் வந்தது வினை. எந்நாளும் இல்லாத திருநாளாக, முதல் இருபது வரிசை கண்ணாடி மாதிரி வந்தது.

டாக்டரம்மா யோசித்தார். தப்பு வேண்டுமானால் தப்புக்குக் காரணமானது வேண்டும். ஓட்டை விழுந்திருப்பது வரிசை நடுவில். தொலைபேசி மணியாகத்தான் இருக்கும். நூல்கடைக்காரருக்கு ரகசியமாகச் செய்தி போனது. இருபத்தாறாவது வரிசையின் பாதியில் மணி அடித்தது. "யாரு? எந்த நூல்? யாருய்யா நீ?" என்று நாத்தனார் கத்திவிட்டு வந்து, வந்த வழியே திரும்பிப் பின்னினார். அழகான ஓட்டை.

அடுத்தது வயிறு. ஊசியைப் போட்டுவிட்டு எழுந்து ஓடியதால் சரிந்த கண்ணிகள் அவை. டாக்டரம்மா சமையலறைக்குப் போய்ப் பால் பாத்திரத்தின் கீழே அடுப்பைப் பெரிதாக்கிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"ஐயையோ, பால்!"

இரண்டு கண்ணி நழுவின. டாக்டரம்மா தன் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் போட்டு அவற்றின் மேல் உட்கார்ந்துகொண்டார். நாத்தனார் திரும்பி வந்து ஒன்றும் பார்க்காமல் தொடர்ந்தார்.

நெஞ்சுதான் பிடிபடவில்லை. அவ்வளவு பெரிய ஜடை தலைகீழாகப் புரள என்ன நடந்திருக்கும்? வெள்ளிக்கிழமை மதியம் அந்த வரிசையும் வந்தது. வாங்கிப் போக வந்திருந்த உடைக்காரர் அழைப்பு மணியை அடித்துப் பார்த்தார். நாத்தனார் அசையவில்லை.

"அண்ணி, எதிர்வீட்டுப் பொண்ணு ஓடிப்போயிட்டாளாமே!"

"தெரியும். நான்தான் பஸ் ஏத்தி விட்டேன்."

ஊசி வலப்பக்கம் போகத் தயாரானது. உடைக்காரர் வாசலில் நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். டாக்டரம்மாவிடம் இனி ஒரே ஒரு சேதிதான் மிச்சம்.

"அண்ணி. அந்த ஸ்வெட்டர் சலவையில இல்ல. நான்தான் தூக்கிப் போட்டுட்டேன். இப்ப சினிமாக்காரங்க அதை வெந்நீர்ல போட்டுட்டாங்க. இது உங்க தம்பிக்கு இல்ல, அவங்களுக்கு."

ஊசி நிற்கவில்லை. நாத்தனாரின் கண் டாக்டரம்மாவின் முகத்தில் குத்திட்டு நிற்க, விரல்கள் தாமாகவே மூன்று கண்ணியை எடுத்துத் தப்பான பக்கம் தள்ளி, ஜடையை இடப்பக்கம் புரட்டின. வாசலில் உடைக்காரர் சத்தம் வராமல் குதித்தார்.

நாத்தனார் குனிந்து பார்த்தார். "புரண்டிருச்சு."

"பிரிச்சிராதீங்க அண்ணி!" டாக்டரம்மா வாயிலிருந்து இந்த வார்த்தை வருவது அதுதான் முதல் தடவை.

"பிரிக்கல. அன்னைக்கும் இதே இடம்தான். பின்னிக்கிட்டு இருந்தேன், என் தம்பி வந்து நின்னு உன்னைக் கட்டிக்கப் போறதாச் சொன்னான்."

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, புரண்ட ஜடையை நெருங்கிப் பார்த்தார்.

"அதானே பாத்தேன்," என்றார். "பால் பொங்கினதுக்கெல்லாம் இவ்வளவு புரளாதே."