ஏசுபாதத்தின் பேசும் பலகை

ஏசுபாதம் ஒரு வேளை சோறு தள்ளிப்போனாலும் பொறுத்துக்கொள்வார். பேச ஆள் இல்லையென்றால் தாங்கமாட்டார். நெம்மேலிப் பக்கம் அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு நாற்று நட்ட குடும்பம் அவருடையது. நிலத்துக்காரர் எதிரே வந்தால் அவருடைய அப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வாயை மூடிக்கொள்வார். அந்த அப்பாவின் மகன் பத்தாவது முடித்து, கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் ஸ்டோர்ஸ் வேலைக்குச் சேர்ந்து, ஊழியர் குடியிருப்பில் ஒரு வீடும் பெற்று, மனமகிழ் மன்றத்து மேடையில் மைக் பிடித்தபோது அவரை நிறுத்த யாராலும் முடியவில்லை.

மனைவி ஜெபா அதிகம் பேசுகிறவள் அல்ல. ஒரு பேச்சை அவள் தொடங்கினால் அவர் முடித்து வைப்பார். "மார்க்கெட்ல மீனு..." என்பாள். "வெல ஏறிப்போச்சு, அதான?" என்பார். அவள் சொல்ல வந்தது மீன்காரியின் மகள் கல்யாணமாக இருக்கும். சரி என்று விட்டுவிடுவாள். பிள்ளைகள் இல்லை. இப்படியே பதினெட்டு வருடம் போயிற்று.

இரண்டாயிரமாவது ஆண்டு மே தினத்தன்று காலையில் ஜெபா சமையலறையில் விழுந்தாள். அன்று மன்றத்தில் ஏசுபாதம் பேசவேண்டியிருந்தது. "நல்லாத்தான் இருந்தா சார், திடீர்னு சாஞ்சுட்டா" என்று ஆஸ்பத்திரியில் எல்லோரிடமும் சொன்னார். வலது பக்கம் முழுக்கப் போயிற்று, இடது கையும் பாதி தளர்ந்தது. நாக்கும் தொண்டையும் போயின. "புத்தி தெளிவா இருக்கு, நீங்க பேசுறதெல்லாம் அவங்களுக்குப் புரியும். சொல்ல மட்டும்தான் முடியாது" என்றார் டாக்டர். எழுத்துகள் அச்சடித்த அட்டை ஒன்று கொடுத்தார்கள். இடது கை விரலால் அவள் ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டால் பக்கத்தில் இருப்பவர் சேர்த்துப் படிக்கலாம்.

அட்டை ஒரு மாதம்கூட ஓடவில்லை. அவள் 'த' தொட்டதும் "தண்ணியா?" என்பார். தலையாட்டி மறுத்துவிட்டு அடுத்த எழுத்தைத் தேடுவாள். "தலவலியா? தலகாணியா? தோசையா?" அதற்குள் அவர் எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்திருப்பார். அவள் குடிப்பாள். பிறகு அட்டை அலமாரிக்கு மேலே போயிற்று.

கவனித்துக்கொண்டதில் அவரைக் குறை சொல்ல முடியாது. குளிப்பாட்டினார், ஊட்டினார், முதுகு புண்ணாகாமல் திருப்பிப் படுக்கவைத்தார். சக்கர நாற்காலியில் வைத்து சர்ச்சுக்கும் கடற்கரைக்கும் தள்ளிக்கொண்டு போனார். வழியில் பார்ப்பவர்களிடம் அவளுக்கும் சேர்த்து அவரே பேசினார். "ஜெபாவுக்கு இந்தக் காத்து ரொம்பப் புடிக்கும்" என்பார். ஜெபா கண்ணில் மணல் விழுந்து கண்ணைச் சிமிட்டிக்கொண்டிருப்பாள்.

ஜெபாவுக்கு ஒரே அக்காள், காசியம்மாள். அப்பா ஞானஸ்நானம் வாங்குமுன் பிறந்தவள் என்பதால் அந்தப் பெயர். மதுராந்தகத்தில் நெல் மண்டி ஒன்றில் கூட்டிப் பெருக்கும் வேலை. படிப்பில்லை. வாரம் தவறாமல் தூக்குச் சட்டியில் குழம்போடு வருவாள், தங்கை தலையை வாரிப் பின்னுவாள். ஒவ்வொரு முறையும் ஏசுபாதத்திடம் ஒரே கேள்வியைக் கேட்பாள்.

"ஏன் தம்பி, வுழுறதுக்கு முன்னால அவ ஒண்ணுமே சொல்லலியா?"

ஒருநாள் ஏசுபாதம் அவளை வாசலிலேயே நிறுத்தினார்.

"அக்கா, தப்பா நெனச்சுக்காத. நீ வந்துட்டுப் போனா அவ நாலு நாளு அழுதுகினே கீறா. நீ வராம இருந்தா தேவலன்றா."

"எப்பிடிப்பா சொன்னா?"

"கண்ணாலதான். எனக்குப் புரியும்."

காசியம்மாள் தூக்குச் சட்டியை வாசற்படியில் வைத்துவிட்டுத் திரும்பிப் போனாள். அதற்குப் பிறகு வரவில்லை. ஜெபா அந்த வாரமும் அடுத்த வாரமும் தலை பின்னாமல் வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

அடுத்த வருடக் கடைசியில் பத்திரிகைகளில் ஒரு செய்தி பெரிதாக வந்தது. பெங்களூரில் புதிதாகத் தொடங்கிய ஒரு கம்பெனி, சிலேட்டு அளவில் ஒரு கணினி செய்கிறதாம். விசைப்பலகை கிடையாது, திரையைத் தொட்டாலே போதும். தமிழில் எழுதினால் தமிழில் வாய்விட்டுப் படிக்கும். மீனவருக்குக் காற்று எந்தப் பக்கம் என்று சொல்லும், விவசாயிக்கு விலை சொல்லும், பேச முடியாதவர்களுக்குப் பேச்சே வந்துவிடும் என்று எழுதியிருந்தார்கள். பத்திரிகைக்காரர்கள் அதற்குப் 'பேசும் பலகை' என்று பெயர் வைத்தார்கள்.

அலுவலக கேன்டீனில் இரண்டு மாதம் அதே பேச்சுதான். கம்ப்யூட்டர் பிரிவில் பெரிய அதிகாரியான ராகவன் அதை ஒரேயடியாகத் தள்ளினார். ஆள் படித்தவர், கிண்டலுக்குப் பேர் போனவர்.

"வெயில்ல திரை தெரியாது. நம்ம ஊர் உப்புக் காத்துக்கு ஆறே மாசத்துல உள்ள எல்லாம் பச்சை பூத்துடும். பாட்டரி போனா யார்கிட்ட போவீங்க? கம்பெனியே இருக்காது."

"சார், டிவி வந்தப்பவும் இப்பிடித்தான் சொன்னாங்கோ" என்றார் ஏசுபாதம். "செல்போனு வந்தப்பவும் சொன்னாங்கோ. இன்னிக்கு மீன் விக்கிறவன் கையில கீது."

"டிவி படம் காட்டறேன்னு சொன்னது, காட்டிச்சு. இது ஊமையைப் பேச வைப்பேங்குது. அதுக்கு நீங்க சர்ச்சுலதான் கேக்கணும்."

அந்தப் பொங்கலுக்கு மன்றத்தில் இதையே பட்டிமன்றம் ஆக்கிவிட்டார்கள். 'பேசும் பலகை: சொன்னதைச் செய்யுமா, சோப்பு நுரையா?' நடுவராகச் செங்கல்பட்டிலிருந்து திருவேங்கடம் என்ற ஓய்வுபெற்ற தலைமையாசிரியரை அழைத்திருந்தார்கள். 'செய்யும்' அணிக்கு ஏசுபாதம் தலைவர், 'நுரை' அணிக்கு ராகவன். ஏசுபாதம் ஜெபாவைப் பட்டுப் புடவை கட்டி அழைத்துவந்து முதல் வரிசையின் ஓரத்தில் நாற்காலியோடு நிறுத்தியிருந்தார்.

அவர் அன்று நன்றாகவே பேசினார். கடைசியில் மனைவியைக் கைகாட்டி, "என் ஜெபா ஒருநாள் இந்த மேடையில் பேசுவாள்" என்றார். கைதட்டல் நீண்டது.

ராகவன் மைக்கைப் பிடித்து, கைதட்டல் அடங்கும் வரை காத்திருந்தார்.

"ஏசுபாதம் வீட்டுக்குப் பேசுற மிஷின் எதுக்கு? ஏற்கனவே ஒண்ணு இருக்கே, ஸ்விட்சு மட்டும்தான் இல்லை."

கூடம் சிரித்தது.

"அதுவும் போகட்டும். வாய் திறக்காத பொண்டாட்டி கிடைப்பாளான்னு இங்கே பாதிப் பேர் ஏங்கிக்கிட்டிருக்கோம். ஆண்டவன் இவருக்குக் கொடுத்திருக்கான். இவர் அதைப் போய் ரிப்பேர் பண்ணணும்கிறாரே."

ஆண்கள் சிரித்தார்கள், பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நடுவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மேடையில் உட்கார்ந்திருந்த ஏசுபாதமும் சிரித்தார். சிரிக்காவிட்டால் தோற்றதாகிவிடும் என்று நினைத்தாரோ என்னவோ, மற்றவர்கள் நிறுத்திய பிறகும் சிரித்தார். ஜெபா அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தீர்ப்பு, சோப்பு நுரை.

மனைவியைப் பற்றிச் சொன்னது அவரை உறுத்தியதாகத் தெரியவில்லை. தோற்றதுதான் உறுத்தியது. மறுநாளே அந்தக் கம்பெனிக்கு எழுதித் தன் பெயரைப் பதிவு செய்தார். பலகை சொன்ன தேதிக்கு வரவில்லை. ராகவன் கேன்டீனில் பார்க்கும்போதெல்லாம், "பேச்சு வந்துடுச்சா?" என்று விசாரித்தார். கடைசியில் ஐப்பசி மழையில், நனைந்த அட்டைப் பெட்டியில் வந்து சேர்ந்தது.

பலகை வேலை செய்தது. எழுத்தைத் தொட்டால் திரையில் எழுத்து விழுந்தது. முடித்துவிட்டுப் பச்சைக் கட்டத்தைத் தொட்டால் ஒரு பெண் குரல் செய்தி வாசிப்பதுபோல் படித்தது. முதல் வாரம் முழுக்க ஏசுபாதம்தான் அதில் பேசினார். "வணக்கம் ராகவன் சார்" என்று அடித்துத் திரும்பத் திரும்பக் கேட்டார். பிறகு ஜெபாவுக்கு என்று ஒரு வாக்கியத்தை அடித்துச் சேமித்து வைத்தார். 'என் பெயர் ஜெபா. என்னைப் பேச வைத்தது இந்தப் பலகை.' அவள் செய்யவேண்டியது பச்சைக் கட்டத்தைத் தொடுவது மட்டும்தான்.

"இத்த மட்டும் தொடு. மத்தத தொட்டா கெட்டுப்பூடும்" என்று சொல்லிக்கொடுத்தார்.

பகலில் அவர் வேலைக்குப் போய்விடுவார். மத்தியானம் கஞ்சி ஊட்டப் பக்கத்து வீட்டு ராஜம் வருவாள். அவளுக்குக் கண்ணைக் காட்டி ஜெபா பலகையை மடியில் வாங்கி வைத்துக்கொள்வாள். இடது கை ஆள்காட்டி விரல் ஒன்றுதான் சொன்னபடி கேட்டது. ஐந்தாம் வகுப்புப் படிப்பு, மறந்துபோன எழுத்துகள். குறில் நெடில் தப்பும். அழித்து மறுபடி அடிப்பாள். சத்தம் வரவைக்கமாட்டாள். ராஜம் அதை விளையாட்டு என்று நினைத்தாள். சாயங்காலம் வந்து பார்த்தால் பாட்டரி தீர்ந்திருக்கும். "சார்ஜே நிக்கல, பேஜாரா கீது" என்று ஏசுபாதம் கம்பெனிக்குப் புகார் எழுதினார்.

அடுத்த பொங்கல் விழாவில் சிறப்பு நிகழ்ச்சி என்று போட்டு, ராகவன் முதல் வரிசையில் உட்காருவதை உறுதி செய்துகொண்டு, ஜெபாவை மேடையேற்றினார் ஏசுபாதம். பலகையை அவள் மடியில் வைத்து மைக்கை அதன் பக்கத்தில் வளைத்தார்.

"தொடு ஜெபா."

ஜெபா பச்சைக் கட்டத்தைத் தொடவில்லை. அவர் அடித்து வைத்திருந்ததை அழித்தாள். பிறகு ஒவ்வொரு எழுத்தாகத் தேடத் தொடங்கினாள். கூடம் காத்திருந்தது. ஏசுபாதம் சிரித்துக்கொண்டே குனிந்து உதவப் போனார். அவள் முழங்கையால் அவர் கையைத் தள்ளினாள். பிறகு பலகை பேசிற்று.

"கை மரத்துப் போவுதுன்னு சொன்னேன். நீ பேசிக்கினே இருந்த."

புத்தகத் தமிழுக்காகச் செய்த குரல் அது. 'பேசிக்கினே' என்பதை ஏதோ ஊர்ப் பெயர் போல இழுத்துச் சொன்னது. முதலில் யாருக்கும் புரியவில்லை. ஏசுபாதத்துக்குப் புரிந்தது. அந்த மே தினக் காலையில் கண்ணாடி முன்னால் நின்று மேடைப் பேச்சை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தவர் அவர். சமையலறையிலிருந்து வந்து நின்றவளிடம், "கேஸா இருக்கும், போய்ப் படு, இந்த எடத்துல கைதட்டுவாங்கோ பாரு" என்று சொன்னதும் அவர்தான்.

"அது... மிஷின்ல ஏதோ கோளாறு" என்றார் மைக்கில். அவள் விரல் மறுபடி நகர்ந்தது.

"காசி அக்காவ வராதன்னு நான் சொல்லல."

ராஜம் மூன்றாவது வரிசையிலிருந்து எழுந்து நின்றாள். மற்றவர்கள் உட்கார்ந்தபடியே இருந்தார்கள். ஏசுபாதம் மைக்கைப் பலகையிலிருந்து விலக்கினார். ராகவன் நிதானமாக மேடையேறி மைக்கைத் தன் பக்கம் திருப்பினார்.

"போன வருஷம் நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கறேன். ஏசுபாதம் ஜெயிச்சுட்டார். மிஷின் சொன்னதைச் செய்யுது."

பின் வரிசையில் சிலர் கை தட்டினார்கள்.

மண்டிக்குப் போன் போட்டுச் சொன்னவள் ராஜம். மறுநாள் முதல் பஸ்ஸில் காசியம்மாள் வந்தாள். தங்கையின் முன் தரையில் உட்கார்ந்தாள். பலகை, "கூட்டிக்கினு போ" என்றது.

துணிகளை மூட்டை கட்டி முடிக்கும் வரை ஏசுபாதம் பேசிக்கொண்டே இருந்தார். இரண்டரை வருடம் மலமூத்திரம் எடுத்ததைச் சொன்னார். முதுகில் ஒரு புண்கூட வராமல் பார்த்துக்கொண்டதைச் சொன்னார். எல்லாம் உண்மைதான். "டாக்டருகிட்ட ஒரு மணி நேரம் முன்னால இட்டுகினு போயிருந்தா மட்டும் நல்லாயிருப்பாளா, சொல்லு" என்றார்.

"அத்த எனக்குத் தெரியாது தம்பி" என்றாள் காசியம்மாள். "நான் படிக்காதவ. தள்ளு, வண்டி நிக்குது."

மதுராந்தகத்தில் ஜெபா ஒன்றரை வருடம் பேசினாள். அதிகம் இல்லை. உப்புக் கம்மி என்பாள். ஏரி நிரம்பிவிட்டதா என்று கேட்பாள். மண்டிக்கு வரும் பெண்கள் வேடிக்கை பார்க்க வந்து, பிறகு வழக்கமாகவே வந்து உட்கார்ந்தார்கள். அவள் ஒரு பேச்சைத் தொடங்கினால் முடிக்கும் வரை காத்திருந்தார்கள்.

பிறகு பாட்டரி செத்தது. பெங்களூர்க் கம்பெனி அதற்குள் மூடிவிட்டிருந்தது. அந்த வகையில் ராகவன் சொன்னதும் பலித்தது. காசியம்மாளுக்கு யாரைக் கேட்பது என்று தெரியவில்லை. வேறு வழியில்லாமல் ஏசுபாதத்துக்குப் போன் செய்தாள்.

"நைனா, அவ வாயே அதுலதான் கீது. எங்கனா பாத்து வாங்கியா."

ஏசுபாதம் மதுராந்தகம் வந்து பலகையை வாங்கிக்கொண்டு சென்னைக்குப் போனார். மின்னணுச் சாமான் விற்கும் ரிச்சி தெருவில் கடை கடையாக ஏறி இறங்கினார். வெயிலில் தலை சுற்றி ஒரு படிக்கட்டில் உட்கார்ந்தார். அப்படியும் விடவில்லை. ஒரு சந்துக்குள் பழைய சாமான் விற்கும் கடைக்காரர் ஒருவர் மேசை டிராயரைக் கிளறி ஒன்றை எடுத்தார். பலகையில் போட்டார். திரை வெளிச்சமாயிற்று. ஜெபா கடைசியாக அடித்து முடிக்காமல் விட்ட ஏதோ ஒரு வார்த்தையின் பாதி அங்கே நின்றது. கடைக்காரர் பச்சைக் கட்டத்தைத் தொட்டார். அந்தக் குரல் பாதி வார்த்தையைப் படித்தது.

ஏசுபாதம் பலகையை வாங்கி, பாட்டரியைத் தானே கழற்றி, மேசை மேல் வைத்தார்.

"வேணாங்க. இது செட் ஆவாது."

"இப்பதானே சார் எரிஞ்சுது?"

"செட் ஆவாது" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மதுராந்தகம் போய்ப் பலகையைக் காசியம்மாளிடம் நீட்டினார். எங்கும் கிடைக்கவில்லை என்றார். எத்தனை கடை ஏறினேன், எவ்வளவு வெயில் என்று விவரமாகச் சொன்னார். காசியம்மாள் அழுதாள், அவருக்கு மோர் கொடுத்தாள். அட்டையைத் தேடித் தருகிறேன் என்றார் அவர். படிக்கத் தெரியாத வீட்டில் அட்டை எதற்கு என்று அவளே சொல்லிவிட்டாள். ஜெபா கட்டிலில் சாய்ந்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் எதையாவது கண்டுபிடித்தாளா என்று யாருக்கும் தெரியாது.

அதிலிருந்து ஞாயிறுதோறும் வருகிறார். சதுரங்கப்பட்டினத்துச் சந்தையில் மீன் வாங்கி, செங்கல்பட்டில் பஸ் மாறி, பத்து மணிக்கெல்லாம் வந்துவிடுவார். காசியம்மாளுக்கு அவர்மேல் இப்போது கோபமில்லை. இவ்வளவு தூரம் வருகிறாரே என்கிறாள். நாற்காலியைக் கட்டிலருகே இழுத்துப் போட்டுக்கொண்டு அந்த வாரத்துக் கதையெல்லாம் சொல்லத் தொடங்குவார். ஜெபா மெதுவாக முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வாள். அவர் எழுந்து, கட்டிலைச் சுவரிலிருந்து கொஞ்சம் நகர்த்தி, நாற்காலியை அந்த இடைவெளியில் போட்டு உட்கார்ந்துகொள்வார்.