இடது கண்ணில் விழுந்த திரை

இடப்பக்கமாக வந்த குத்தை நான் பார்க்கவில்லை. சைதாப்பேட்டையில் நாங்கள் பயிற்சி எடுத்த கொட்டகையில், பரிமளாவின் வலக்கை என் கன்னத்தில் இறங்கிய பிறகுதான் அது வந்ததே தெரிந்தது.

"இன்னா செல்வி, தூங்கிக்கினு கீறியா?" என்று கயிற்றுக்கு வெளியே இருந்து மாஸ்டர் கத்தினார்.

கையுறையால் கண்ணைத் துடைத்தேன். வியர்வை அல்ல. கண்ணின் ஓரத்தில் சாம்பல் நிறத் திரை ஒன்று தொங்கியது. துடைத்தும் போகவில்லை.

தொண்ணூறுகளின் கடைசி அது. பெண்கள் குத்துச்சண்டை போடுவதைப் பார்த்துச் சிரித்தவர்கள், கைதட்டப் பழகிக்கொண்டிருந்த காலம். நான் மாநிலச் சாம்பியன். என் எடைப்பிரிவில் யாரிடமும் தோற்றதில்லை. அடுத்த வாரம் வடக்கே ஒரு போட்டிக்கு ரயில் ஏறவேண்டும். அதனால், கண்ணுக்குள் சில நாட்களாக மின்னல் வெட்டியதையும் கொசுக்கள் பறந்ததையும் நான் பொருட்படுத்தவில்லை. உங்களுக்கு அப்படி வந்தால் அன்றே மருத்துவரிடம் போங்கள்.

பரிமளா என்னையும் என் அம்மாவையும் கண் மருத்துவமனைக்குக் கூட்டிப்போனாள். டாக்டர் அம்மாள் வெகுநேரம் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். விழித்திரை விலகல் (கண்ணின் பின்சுவரில் ஒட்டியிருக்கும், ஒளியை உணரும் மெல்லிய படலம் உரிந்து வருவது) என்றார்.

"நடுப்பகுதி இன்னும் உரியலை. அதுவும் போயிட்டா எதிர்ல இருக்கற முகம்கூடத் தெரியாது. நாளைக்கே ஆபரேஷன் பண்ணணும்."

"போட்டி முடிஞ்சி வந்து பண்ணிக்கலாமா டாக்டர்?"

"இன்னொரு அடி விழுந்தா, ஒட்ட வைக்க எதுவும் மிஞ்சாது."

"ஆபரேஷனுக்கு அப்புறம் ஆடலாமா?"

அவர் இல்லையென்று தலையசைத்தார்.

அம்மா தி.நகர் துணிக்கடை ஒன்றில் புடவை விரித்துக் காட்டுபவள். நான் சண்டை போடுவது அவளுக்குப் பிடிக்காது. நிம்மதி அடைவாள் என்று நினைத்தேன். "இவ ஜெயிச்சிக்கினே இருந்தா டாக்டர். ஒரு தபாகூட நான் போய்ப் பாக்கலியே" என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பண்ணிடுங்க டாக்டர்" என்றேன்.

படலத்தை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கக் கண்ணுக்குள் வாயுக் குமிழி ஒன்றை வைத்தார்கள். குமிழி சரியான இடத்தில் அழுத்த, பகலும் இரவும் குப்புறப் படுத்திருக்க வேண்டும். எனக்குத் தரை மட்டுமே தெரிந்தது. பார்க்க வந்த பரிமளா, கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் மல்லாந்து படுத்து என் முகத்தைப் பார்த்தாள்.

"நாங்கல்லாம் எவ்ளோ ட்ரை பண்ணோம். கடசில ஒரு டாக்டரு வந்து உன்ன கவுத்துப் போட்டாங்க பாரு."

சிரித்தால் கண் வலித்தது. இருந்தும் சிரித்தேன்.

நிமிர்ந்து உட்கார அனுமதித்தபோது, இடது கண்ணுக்குள் நீர்மட்டம் போல ஒரு கோடு தளும்பியது. கோட்டுக்குக் கீழே கலங்கல். மேலே கீற்றாகத் தெளிவு. குமிழி சுருங்கச் சுருங்கக் கோடும் இறங்கியது. முதலில் அம்மாவின் வகிடு தெரிந்தது. பிறகு நெற்றிக் குங்குமம். பிறகு கண்கள். அவள் வாய் தெரிய மேலும் சில நாட்கள் ஆயின. ஒரு முகம் இவ்வளவு பெரியது என்று நான் அறிந்திருக்கவில்லை.

இமைப்பதற்குள் குத்துவதும் விலகுவதும்தான் காலம் என்று வாழ்ந்தவள் நான். நான் சொன்னதைச் செய்வதுதான் உடம்பு என்றும் நினைத்திருந்தேன். நான் ஒன்றுமே செய்யாமல் கிடந்தபோது, வெங்காயத் தோலைவிட மெல்லிய ஒன்று தன் சுவரைப் பற்றிக்கொண்டது.

இப்போது காலையில் கொட்டிவாக்கம் கடற்கரைக்குப் போனால் வலக்கண்ணைப் பொத்திக்கொண்டு பார்ப்பேன். ஒட்டவைத்த கண்ணுக்குத் தொடுவானம் லேசாக நெளிந்திருக்கும். அதன்மேல் ஒரு படகு ஏறி இறங்கிப் போய்க்கொண்டிருக்கும். அது மறையும்வரை நிற்பேன்.