வெள்ளிக்கிழமை ரேமை நம்பிய கதை

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. இன்று காலை சாம்பிள் செக்‌ஷனுக்கு ஒரு நல்லது செய்தேன்.

பிரவுசர், பார்த்த படங்களை ஹார்ட் டிஸ்கில் சேர்த்து வைக்கும். அங்கே இருப்பது அரதப் பழசான டிஸ்க். அந்தச் சேமிப்பை வேகமான ரேம் நினைவகத்துக்கு மாற்றினேன். பக்கங்கள் பறந்தன. அந்தக் கம்ப்யூட்டரில் வேலை செய்யும் ரிஸ்வானா அக்கா, "சூப்பர் தம்பி" என்றார்.

ஜும்ஆ தொழுகை நேரத்தில் வழக்கம்போல மெயின் சுவிட்சை அணைத்தார்கள்.

தொழுகை முடிந்து வேலை தொடங்கினால் நெட் இல்லை. ஆர்டர் தரும் பையர் கேட்ட சாம்பிள் ஷூ இன்றே கூரியரில் போக வேண்டும்; அதில் பக்கிள் எந்தப் பக்கம் என்று அக்கா காலையில் பார்த்த படத்தை மறுபடி பார்க்க வேண்டும்.

"நெட் இல்லாட்டியும் பாத்த படம் வருமே. இன்னா தம்பி, ஒன்னுமே காணோம்?"

"மெயின் ஆஃப் பண்ணா ரேம்ல இருக்கறது போய்டும்க்கா."

"இன்னைக்கு வெள்ளிக்கிழமைனு தெரியாதா உனக்கு?"

நெட் வந்து, பக்கிளைத் தைத்து முடிப்பதற்குள் கூரியர் வண்டி போய்விட்டது.

டிஸ்க் மெதுவாக இருப்பதை மட்டும்தான் பார்த்தேன். அதை நம்பி ஒருவர் வேலை செய்கிறார் என்பதைப் பார்க்கவில்லை.

பழையபடி மாற்றிவிட்டேன். இப்போது ஒரு பக்கம் திறப்பதற்குள் டீ குடித்துவிடலாம். அக்கா நிம்மதியாகக் குடிக்கிறார்.

நீங்கள் யாருக்கெல்லாம் இப்படி நல்லது செய்திருக்கிறீர்கள்?