மருதாயியின் முதல் பதில்

தா.பழூரைத் தாண்டி ஒரு கிராமத்தில், நடவு, களையெடுப்பு என்று வயலிலேயே உடம்பைத் தேய்த்தவள் மருதாயி. யார் எப்போது நலம் விசாரித்தாலும் அவளிடமிருந்து வருகிற பதில் ஒன்றுதான்: “நல்லா இருக்கேன்.” புருஷன் வீரமுத்துவின் கருமாதிக்கு வந்தவர்களிடமும் அதையேதான் சொன்னாள். அந்தப் பக்கத்தில் அது பொய் இல்லை, மரியாதை. கேட்டவரை முதலில் நிம்மதியாக உட்காரவைத்துவிட்டு, அப்புறம்தான் ‘இந்த முட்டிதான் கொஞ்சம்…’ என்று ஆரம்பிப்பார்கள். எடுத்த எடுப்பில் குறையைக் கொட்டினால் வந்தவர் முகத்தில் அடித்த மாதிரி.

சர்க்கரை வந்த பிறகு அவளைக் கவனித்துக்கொண்டது ஜோதி. ஒரு தொண்டு நிறுவனம் சம்பளம் கொடுத்து வீடு வீடாக அனுப்பிய பெண். “நல்லா இருக்கேன்” என்று மருதாயி சொன்னால் ஜோதி காதில் வாங்கவே மாட்டாள்.

“ஊருக்கே அதத்தானே சொல்றீங்க அத்தை. காலக் காட்டுங்க.”

தரையில் உட்கார்ந்து, சேறு காய்ந்த பாதத்தைத் தூக்கி மடியில் வைத்து விரலிடுக்கெல்லாம் பார்ப்பாள். மருதாயிக்குக் கூச்சமாக இருக்கும், சுகமாகவும் இருக்கும். மகள் சுகன்யா திருப்பூரில் பனியன் கம்பெனியோடு சரி. அவளைத் தொட்டுப் பார்க்க வேறு யார் இருந்தார்கள்?

நன்றாகப் போய்க்கொண்டிருந்தது பொறுக்காமல் நிறுவனத்துக்குப் புத்தி வந்தது. வீடு வீடாக ஆள் அனுப்புவது வீண் செலவாம். இனி கம்ப்யூட்டரே எல்லோருக்கும் போன் போட்டு நலம் விசாரிக்குமாம். நல்லா இருப்பவர் பச்சை, இல்லாதவர் சிவப்பு. சிவப்பை மட்டும் நேரில் போய்ப் பார்த்தால் போதும். ஜோதியைப் பெரம்பலூர் ஆபீசில் ஏசிக்குள் உட்காரவைத்தார்கள். மருதாயி பெயர் வாராவாரம் பச்சையாகவே வந்தது. அத்தை ஒழுங்காகப் பத்தியம் இருக்கிறாள் என்று ஜோதியும் நம்பினாள்.

மருதாயிக்குப் போனில் வந்தது தேன் தடவிய ஒரு பெண் குரல்.

“வணக்கம் மருதாயி அம்மா. உடம்பு எப்படி இருக்கிறது?”

“நல்லா இருக்கேன் தாயி. நீ நல்லா இருக்கியா? சாப்பிட்டியா?”

“மிக்க மகிழ்ச்சி. மருந்தைத் தவறாமல் சாப்பிடுங்கள். நன்றி.”

அவ்வளவுதான், வைத்தாயிற்று. யார் பெற்ற பிள்ளையோ, எத்தனை பேரிடம் பேசியாக வேண்டுமோ, மூச்சுவிட நேரமில்லை பாவம் என்று மருதாயி அதற்கும் இரக்கப்பட்டாள்.

நடவு சமயத்தில் வரப்பில் கருவேல முள் ஏறியது. சர்க்கரையில் மரத்துப்போன கால், வலியே தெரியவில்லை. முள் ஏறிய இடம் புண்ணாகி, பெருவிரல் கறுத்தது. ஆஸ்பத்திரிக்கு ஓட அவள் நினைக்கவில்லை. அந்தப் பொண்ணுதான் கூப்பிடுமே, சொன்னால் ஜோதியை அனுப்பிவைக்கும் என்று காத்திருந்தாள். போன் வந்தது.

“நல்லா இருக்கேன் தாயி. இந்தக் காலுதான்…”

“மிக்க மகிழ்ச்சி” என்றது குரல்.

அடுத்த வாரம் முந்திக்கொண்டு சொல்லிவிடத்தான் பார்த்தாள். ஐம்பது வயசு வரைக்கும் ஒரே தடத்தில் நடந்த நாக்கு, வேறு பக்கம் திரும்பவில்லை. காய்ச்சலில் சுருண்டு கிடந்தவளை அக்கம்பக்கத்தார்தான் தஞ்சாவூருக்குத் தூக்கிப்போனார்கள். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

சேதி கேட்டு ஜோதி அலறியடித்துக்கொண்டு வந்தாள். கூடவே நிறுவனத்து மேலாளர் கோகுலகிருஷ்ணன், ஒரு ஆப்பிள் பையோடு. தங்கள் பேரில் பழி வந்துவிடக் கூடாதே என்கிற கவலை அவர் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது.

“ஒவ்வொரு வாரமும் கேட்டிருக்கோம்மா. நீங்கதான் தப்பான தகவல் குடுத்துட்டீங்க. இதக் கேளுங்க” என்று செல்போனில் அவள் குரலையே போட்டுக் காட்டினார். நல்லா இருக்கேன் தாயி, நல்லா இருக்கேன் தாயி என்று வார்டு முழுக்கக் கேட்டது. பக்கத்துப் படுக்கைக்காரி எட்டிப் பார்த்தாள். கால் போன வலியைவிட அந்த அவமானம் மருதாயிக்குப் பெரிதாக இருந்தது.

“அந்தப் பொண்ணுக்கிட்ட கேளுங்க சார். காலப் பத்திச் சொல்ல வந்தேன், அதுக்குள்ள வச்சிருச்சு.”

ஜோதி தலையைக் குனிந்துகொண்டாள். “அது பொண்ணு இல்ல அத்தை. மெஷினு.”

“மெஷினா?” மருதாயி அவளையே பார்த்தாள். “நான் சாப்பிட்டியான்னு கேட்டேனேடி.”

ஜோதி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். யார் அழுதாலும், தன் வீட்டுச் சாவிலேயானாலும், இழுத்து அணைத்துத் தேற்றுகிறவள் மருதாயி. அன்றைக்கு அவள் கையை நீட்டவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.