தீசிக் கொடுத்த ஃபேன்

கெங்கம்மாளை ஏமாற்றிவிட்டு எந்த வியாபாரியும் திருத்தணியில் நிம்மதியாக வீடு போய்ச் சேர்ந்ததில்லை. புருஷன் போன பிறகு, பள்ளிப்பட்டுச் சாலையில் இருந்த நிலத்தைத் தானே முன்னால் நின்று பயிர் வைத்தவள் அவள். மாட்டுச் சந்தைக்கும் அவளேதான் போவாள். வாயைப் பிளந்து பல் பார்ப்பாள், வாலை முறுக்கிப் பார்ப்பாள், நாலடி நடக்கவிட்டுப் பார்ப்பாள். தரகர்கள் துண்டுக்கடியில் விரலைப் பிடித்துப் பேசும் பேச்செல்லாம் அவளிடம் செல்லாது. அப்படிப்பட்டவள் ஒரே ஒரு சொல்லில் ஏமாந்தாள். அதுவும் யாரும் ஏமாற்றாமல், தானாகவே போய் ஏமாந்தாள்.

வெள்ளைக்காரன் போன மறு வருஷம் அது. பங்குனி மாசம். சின்ன மகள் ரஞ்சிதத்தைப் பட்டணத்தில் கட்டிக் கொடுத்திருந்தாள். ரஞ்சிதத்துக்குத் தலைச்சன் பிள்ளை, ஏழாம் மாசம். வளையல் அடுக்கி முடிந்ததும் முறைப்படி தாய்வீட்டுக்கு அழைத்து வரலாம் என்று கெங்கம்மாள் போயிருந்தாள். மாப்பிள்ளை நாகேந்திரன் தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றான்.

"உங்க ஊட்ல வெக்கை ஜாஸ்திங்க அத்தே. ஒரு சீலிங் ஃபேன் மாட்டிடுங்க. மாட்டினதும் நானே கூட்டியாந்து வுடறேன்."

கெங்கம்மாளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தலைப்பிரசவத்துக்குப் பெண்ணை அனுப்ப நிபந்தனை போட்ட மாப்பிள்ளையை அவள் கேள்விப்பட்டதே இல்லை. சைக்கிள் கேட்பான், கைக்கடிகாரம் கேட்பான், தலைதீபாவளிக்கு மோதிரம் கேட்பான். இவன் என்னடா என்றால் காற்று கேட்கிறான்! திருத்தணியில் தெருவுக்குக் கரண்ட் வந்ததே அப்போதுதான். அவள் வீட்டில் இரண்டு பல்பு எரிவதையே ஜனங்கள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். கதவோரம் நின்ற ரஞ்சிதம் புது வளையல்களைத் திருகிக்கொண்டிருந்தாளே தவிர, அம்மாவுக்குப் பரிந்து ஒரு வார்த்தை பேசவில்லை.

"ஆங், மாட்டிடறேன் மாப்ளே. அதுக்கின்னா" என்று சொல்லிவிட்டு, மகள் இல்லாமல் ரயிலேறினாள்.

பெரம்பூர் தாண்டும்வரை மாப்பிள்ளையை மனசுக்குள் வறுத்தெடுத்தாள். அரக்கோணம் வருவதற்குள் கோபம் இறங்கி, வேறொரு நினைப்பு ஏறிக்கொண்டது. மூன்று வருஷத்துக்கு முன்னால் இதே மாதிரி ஒரு கோடையில்தான் மூத்த மகள் சுலோச்சனா தலைப்பிரசவத்துக்கு வந்து, வீட்டின் உள்ளறையில் உயிரை விட்டாள். பிள்ளையும் தங்கவில்லை. "வெக்கை தாங்கல கெங்கம்மா, வெக்கைதான் கொண்டும்பூட்ச்சி" என்றாள் மருத்துவச்சி அன்னம்மாள். கெங்கம்மாள் அந்த வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். பிடித்துக்கொள்ள அவளுக்கு வேறு எதுவும் இருக்கவில்லை. அதற்குப் பிறகு அவளும் ரஞ்சிதமும் சுலோச்சனாவின் சாவைப் பற்றி ஒரு நாளும் வாய் திறந்து பேசிக்கொண்டதில்லை.

'மாப்ள கேட்டதுல இன்னா தப்பு? காத்து மட்டும் இருந்திருந்தா என் மூத்தது பொழச்சிருக்கும்' என்று நினைத்தாள். திருத்தணியில் இறங்கியபோது முடிவு செய்துவிட்டாள். எப்படியும் ஃபேன் வாங்க வேண்டும். அதே உள்ளறையில் மாட்ட வேண்டும். ஒரு பெண்ணைச் சாகக் கொடுத்தது போதும்.

அடுத்த வாரமே பண்ணையாள் எல்லப்பனைக் கூட்டிக்கொண்டு பட்டணத்து மூர் மார்க்கெட்டில் போய் நின்றாள். கடைக்காரர் விட்டத்தில் இரண்டு ஃபேன்களைத் தொங்கவிட்டிருந்தார். ஒன்று மூன்று இறக்கை, பளபளவென்று புதுசு. இன்னொன்று நாலு இறக்கை, கறுப்பு, நல்ல கனம். யாரோ ஒரு துரை வீட்டில் ஓடியதாம். கெங்கம்மாள் முக்காலி கேட்டு வாங்கி ஏறினாள். இறக்கையை அசைத்துப் பார்த்தாள், தண்டைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள், வயிற்றைத் தட்டிப் பார்த்தாள். பல் ஒன்றைத்தான் பார்க்கவில்லை.

"ரெண்டயும் ஓடவுடுங்க" என்றாள்.

ஒவ்வொன்றுக்கும் தனி ஒயர், தனி சுவிட்சு. புதுசு விர்ரென்று ஓடியது. காற்று ஒரே இடத்தில் விழுந்தது. கறுப்பு அவசரப்படாமல் சுற்றி, கடை மூலையில் உட்கார்ந்திருந்த எல்லப்பனின் துண்டைக்கூட அசைத்தது. பிள்ளை பெற்றவளுக்கு முகத்தில் அடிக்கிற காற்று ஆகாது, அறை முழுக்கப் பரவுகிற காற்றுதான் வேண்டும் என்று கெங்கம்மாள் கணக்குப் போட்டாள். உள்ளறை அகலம், உத்தரத்தின் உயரம், தேக்கு தாங்கும் பாரம் எல்லாம் அவளுக்கு அத்துப்படி. இவ்வளவு சரியாக யோசித்து அந்த மார்க்கெட்டில் யாரும் ஃபேன் வாங்கியிருக்க மாட்டார்கள்.

அப்போதுதான் கடைக்காரர் கேட்டார்: "உங்களுக்கு ஏசியாம்மா, டீசியா?"

திருத்தணிப் பக்கத்து ஜனங்களுக்கு நாக்கில் இரண்டு பாஷை. கெங்கம்மாள் வீட்டுக்குள் பேசுவது தெலுங்கு. அதில் ஏசி என்றால் மாட்டி, தீசி என்றால் கழற்றி. இறக்கையை மாட்டியபடி கொடுக்கட்டுமா, கழற்றிக் கொடுக்கட்டுமா என்று மனுஷன் தன் பாஷையிலேயே கேட்கிறாரே என்று அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"தீசியே குடுங்க. ரயில்ல எடுத்துகினு போவணுமே" என்றாள்.

"அப்போ கறுப்புதாம்மா டீசி" என்றார் கடைக்காரர். அவள் மனசில் வைத்திருந்ததும் கறுப்புதான். அவர் அவள் கண்ணெதிரே நாலு இறக்கைகளையும் கழற்றி, சாக்கில் சுற்றிக் கட்டிக் கொடுத்தார். கெங்கம்மாள் எல்லப்பனைப் பார்த்து, "பாத்தியா, சொன்னா சொன்ன மாதிரி தீசிக் குடுத்துட்டாரு" என்றாள். பிறகு சந்தேகம் வர வழி ஏது?

வீட்டுக்கு வந்ததும் ஃபேனுக்கு மஞ்சள் குழைத்துத் தடவி, குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டினாள். ஏதோ எழுத்து பொறித்த தகடு ஒன்று அதன் வயிற்றில் இருந்தது. அதன்மேலும் மஞ்சள் தாராளமாக விழுந்தது. கரண்ட் வேலை செய்யும் வேணு வந்து உத்தரத்தில் கொக்கி அடித்து மாட்டி, ஒயர் இழுத்து, "போட்டுப் பாத்துடலாமா பெரிம்மா?" என்றான்.

"கைய எடுடா. என் பொண்ணு வந்துதான் மொதல்ல போடணும். அவ வர்ற அன்னிக்கி நீயும் வந்து நில்லு" என்று விரட்டினாள். நல்ல காரியத்தை நல்ல கையால் தொடங்குவது அவள் வழக்கம்.

சித்திரை பிறந்த வாரம் மாப்பிள்ளையும் மகளும் வந்து இறங்கினார்கள். ஸ்டேஷனிலிருந்து வண்டி ஓட்டி வந்த எல்லப்பன் மாட்டை அவிழ்ப்பதற்குள், கெங்கம்மாள் ஆரத்தி சுற்றி, மகள் கையைப் பிடித்து உள்ளறைப் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள்.

"மேல பாருடி!"

ரஞ்சிதம் பார்த்தாள். அவள் முகத்தில் ரத்தம் சுண்டிப் போனது. சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை என்று கெங்கம்மாள் நினைத்துக்கொண்டாள். "உள்ள வந்து உங்கையால சுச்சிய போடு" என்றாள். ரஞ்சிதம் வாசற்படியைத் தாண்டவில்லை. "நீயே போடும்மா" என்றாள். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

கெங்கம்மாள் முருகனைக் கூப்பிட்டுக்கொண்டு சுவிட்சைத் தட்டினாள்.

ஃபேன் சுற்றவில்லை. கொர்ரென்று உறுமியது. இறக்கைகள் நடுங்கின. எல்லோரும் வாயைப் பிளந்துகொண்டு பார்த்திருக்கும்போதே அதன் வயிற்றுக்குள் நீலமாகப் பொறி பறந்தது. படாரென்று ஒரு சத்தம். ரப்பர் கருகும் நாற்றத்தோடு புகை இறங்கி அறையை மூடியது. "வெளிய வாங்க, வெளிய வாங்க!" என்று வேணு கத்தினான். கெங்கம்மாள் சுவிட்சில் வைத்த கையை எடுக்கவும் தோன்றாமல் நின்றாள். வேணுதான் அவளை இழுத்துக்கொண்டு வந்து கூடத்தில் விட்டான்.

புகை அடங்கியதும் ஏணி போட்டு ஏறி, மஞ்சளைத் துடைத்துத் தகட்டைப் படித்தான். "அடக் கடவுளே, இது டீசி ஃபேனு பெரிம்மா! பட்டணத்துல பழைய தெருவுங்கள்ல அந்த டீசி கரண்ட் ஓடுது. நம்ம ஊருக்கு வர்றது ஏசி. ரெண்டும் வேற வேற கரண்ட். கடக்காரரு கேக்கலயா?"

"கேட்டாரே" என்றாள் கெங்கம்மாள். "ஏசியா தீசியான்னு கேட்டாரே. கழட்டிக் குடுன்னு நான்தான் சொன்னேன்."

நாகேந்திரன் ஒரு கணம் விழித்தான். பிறகு அடக்க முடியாமல் சிரித்துவிட்டான். மாப்பிள்ளை எதிரில் கதவு மறைவில் நின்றே பேசிப் பழகிய கெங்கம்மாள், வெட்கத்தையெல்லாம் விட்டு அவன் முன்னால் வந்து கையெடுத்துக் கும்பிட்டாள். "நாளைக்கே போயி மாத்திகினு வந்துடறேன் மாப்ளே. பொண்ண மட்டும் திருப்பி இட்டுகினு போவாதீங்க. உங்களுக்குப் புண்ணியமா போவும்."

நாகேந்திரனின் சிரிப்பு நின்றது. அவன் மனைவியைப் பார்த்தான்.

"அவர ஏம்மா கும்புடறே?" என்றாள் ரஞ்சிதம். "ஃபேனு அவரு கேக்கல. நான்தான் கேக்கச் சொன்னேன்."

"நீயா?"

"நீ எங்க போயி ஃபேன் வாங்கப் போறேன்னு நெனச்சேன். வாங்கலன்னா நான் இங்க வர வேண்டியதில்லன்னு நெனச்சேன்."

ஃபேன் வெடித்தபோதுகூட கெங்கம்மாள் இப்படி ஆடிப் போகவில்லை. "பெத்தவ ஊட்டுக்கு வராம இருக்கவா? உங்கக்காவ வெக்கை கொண்டும்போன மாதிரி உனக்கும் ஆவக் கூடாதுன்னுதானேடி நான் ஊரெல்லாம் சுத்தி..."

"வெக்கை இல்லம்மா." ரஞ்சிதம் அழவில்லை, கத்தவும் இல்லை. "அக்கா காலையிலேர்ந்து ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போ, ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போன்னு கேட்டுகினே இருந்தா. தலப்பிரசவம் தாய்வூட்ல ஆவாம ஆஸ்பத்திரியில ஆனா ஊர் சிரிக்கும்னு நீ சொன்னே. நான் இந்த வாசப்படியிலதான் நின்னுகினு இருந்தேன்."

கெங்கம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். இல்லை என்று சொல்ல வாய் திறந்தாள். தான் சொன்னதும், அதைச் சொன்ன தன் குரலும் அப்படியே காதில் விழுந்தன. வேணு ஏணியை விட்டு இறங்காமல் மேலேயே நின்றான். மூன்று வருஷமாக வெக்கை, வெக்கை என்று சொல்லிச் சொல்லி அவள் யாரை ஏமாற்றிக்கொண்டிருந்தாள் என்பது அவளுக்கு இப்போது நன்றாகத் தெரிந்தது.

பிறகு எழுந்து வாசலுக்குப் போனாள். எல்லப்பன் ஒரு மாட்டை அவிழ்த்துத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தான்.

"திருப்பிப் பூட்டுடா" என்றாள்.

"எங்கம்மா?"

"ஸ்டேஷனுக்கு." அவள் மாப்பிள்ளையின் பக்கம் திரும்பினாள். மறைவுக்குப் போகவில்லை, முந்தானையை இழுத்து மூடிக்கொள்ளவும் இல்லை. "பட்டணத்துல பெரிய ஆஸ்பத்திரியா பாத்து இவள சேத்துடுங்க மாப்ளே. நானும் வரேன். கூட இருந்துக்க என்ன வுடுவாளான்னு மட்டும் அவளக் கேளுங்க."