அன்று ஓடுபாதையில் பறவைகள் இல்லை

அன்பான சபையாரே, ஜூன் மாதம் நம் ஆலயத்தில் நின்று ஒரு சாட்சி சொன்னேன். ஒரு விமானத்தையும் அதிலிருந்த அத்தனை பேரையும் கர்த்தர் காப்பாற்றினார் என்றேன். நீங்கள் அல்லேலூயா சொன்னீர்கள். அந்தச் சாட்சியில் பாதியை நான் மறைத்துவிட்டேன். மறைத்ததை இன்று எழுதுகிறேன்.

திருவனந்தபுரம் விமான நிலையக் கோபுரத்தில் எனக்குப் பதினெட்டு வருட வேலை. எங்களுக்கு இருப்பது ஒரே ஓடுபாதை. ஒரு முனை கடல் பக்கம், மறுமுனை ஊர்ப் பக்கம். காற்றைப் பார்த்து, எந்த முனையில் இறங்கலாம் என்று விமானிக்குச் சொல்வோம். ஓடுபாதைக்குள் ஏதாவது வண்டி போனால், எங்கள் முன்னால் இருக்கும் பலகையில் ஒரு சிவப்புப் பட்டையை வைக்க வேண்டும். அது இருக்கும்வரை யாரையும் இறங்கவிடக் கூடாது. அதை மறந்த இளையவர்களை நானே வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறேன்.

அன்று வியாழக்கிழமை, மாலை நாலரை மணி. மழை விட்டதும் பருந்துகள் வட்டமிட ஆரம்பித்தன. பறவை விரட்டும் வண்டியை ஓட்டுகிற தாசன் அண்ணன், கடல் முனைக்குப் போக வாக்கி டாக்கியில் அனுமதி கேட்டார். பாறசாலைக்காரர், ஒப்பந்த ஊழியர். நம் சபையில் கடைசி பெஞ்சில் உட்காருவாரே, அவர்தான். போகச் சொன்னேன். கூட இருந்தவரை, "நான் பாத்துக்கிறேன், நீங்க சாயா குடிச்சிட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டிருந்தேன். இரண்டு பேர் வேலையை ஒருத்தியே பார்ப்பேன் என்ற திமிர். இரைச்சலாக இருக்கிறதென்று வாக்கி டாக்கியின் சத்தத்தையும் குறைத்தேன்.

அந்த நேரம் பார்த்துக் காற்று திரும்பியது. ஊர்ப் பக்கமாக இறங்க வேண்டிய விமானம் கடல் முனையைக் கேட்டது. கொடுத்தேன். இறங்கவும் அனுமதித்தேன். சிவப்புப் பட்டை பலகையில் ஏறாமல் தட்டிலேயே கிடந்தது.

வெயில் கண்ணில் அடித்தது. திரையை இழுத்துவிட எழுந்தேன். கடல் முனையில் தாசன் அண்ணனின் மஞ்சள் வண்டி! அதற்கு நேர் மேலே விமானத்தின் விளக்குகள். "இயேசப்பா!" என்று அலறிவிட்டேன். உடனே, இறங்க வேண்டாம், மேலே போங்கள் என்று விமானியிடம் சொன்னேன். விமானம் உறுமிக்கொண்டு மேலே ஏறியது. விமானி காரணம் கேட்டார்.

"பறவைகள்" என்றேன்.

எங்கள் ஊரில் பறவை என்றால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். பதிவேட்டிலும் அதையே எழுதினேன். நாங்கள் பேசுவதெல்லாம் பதிவாகும், ஆனால் அந்த ஒலிப்பதிவை யாரும் கேட்டுப் பார்க்கவில்லை. இது வெளியே வரக் கூடாது ஆண்டவரே என்று ஜெபித்தேன். வரவில்லை. ஜெபம் கேட்கப்பட்டது என்று நம்பி, ஞாயிற்றுக்கிழமை சாட்சியும் சொன்னேன். கடைசி பெஞ்சில் தாசன் அண்ணன் இருந்தார். ஆராதனை முடிந்ததும் வந்து, "ஸ்தோத்திரம், மேடம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

இரண்டு வாரத்தில் வாக்கி டாக்கியில் வேறு குரல் கேட்டது. நீ நிற்கும்போதே பறவை எப்படி வந்தது என்று ஒப்பந்தக்காரர் தாசன் அண்ணனை வேலையிலிருந்து நிறுத்திவிட்டாராம். பருந்துகளை அதற்கு முன்பே விரட்டிவிட்டேன், அப்போது பறவையே இல்லை என்று அவர் சொன்னதை யாரும் நம்பவில்லை, என் பதிவேட்டை நம்பினார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. சோறு இறங்கவில்லை என்று எழுதினால் அதுவும் பொய். நன்றாகவே சாப்பிட்டேன்.

ஜூலையில் நம் பெண்கள் கூடுகையில் தாசன் அண்ணனின் மனைவி எழுந்தார். "வீட்டுக்காரருக்கு வேல போச்சு. ரெண்டு பிள்ளைங்க படிக்குது. எல்லாரும் ஜெபிக்கணும்." உடனே தலைவி அக்கா என்னைப் பார்த்து, "சாட்சி சொன்னவ நீதானே மக்கா, நீயே ஜெபி" என்றார்.

முழங்காலில் நின்றேன். ஒரு வார்த்தைகூட வரவில்லை. அழுகைதான் வந்தது. இரக்கத்தில் அழுகிறேன் என்று நினைத்து நீங்கள் முதுகைத் தடவினீர்கள். உண்மையைச் சொல்ல வாய் தாரும் ஆண்டவரே என்று உள்ளுக்குள் கெஞ்சினேன். மறுநாள் காலை அதிகாரியின் அறையில் எல்லாவற்றையும் சொன்னேன். என் குரல் நடுங்கவே இல்லை. அது என் பலம் இல்லை.

ஒலிப்பதிவைக் கேட்டார்கள். என்னை இருக்கையிலிருந்து இறக்கினார்கள். மறுபடியும் பயிற்சி, பரீட்சை. எனக்கு அது வேண்டியதுதான். தாசன் அண்ணனுக்கு வேலை திரும்பக் கிடைத்தது.

மன்னிப்புக் கேட்க அவர் வீட்டுக்குப் போனேன். "சாரமில்ல மேடம், பரவால்ல, இரிங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "அன்னைக்கு வாக்கி டாக்கில கூப்பிட்டுப் பாத்தேன், நீங்க கேக்கல. வண்டியத் திருப்பினாலும் வெளிய போற வழி தூரம். கர்த்தாவே, கோபுரத்துல இருக்குற அந்தப் பிள்ள ஒருக்கா எந்திச்சு இந்தப் பக்கம் பாக்கணும்னு மட்டும் ஜெபிச்சேன். எந்திச்சீங்கல்லா!"

நான் கூப்பிட்டதால் ஆண்டவர் காத்தார் என்று உங்களிடம் சொன்னேனே, சபையாரே. நான் கூப்பிடுவதற்கு முன்பே எழுந்துவிட்டிருந்தேன்.

சொல்லாமல் வைத்திருக்கும் உண்மை உங்களிடமும் இருந்தால், அதைச் சொல்லப் பயப்படாதீர்கள். அதைச் சொல்ல வாய் தரும்படி ஆண்டவரிடம் கேளுங்கள், அவர் தருவார். நான் இப்போது மறுபடியும் அதே இருக்கையில் இருக்கிறேன். தாசன் அண்ணன் அனுமதி கேட்டால், முதலில் சிவப்புப் பட்டையை எடுத்து வைக்கிறேன். அதற்குப் பிறகுதான் அவருக்குப் பதில் சொல்கிறேன்.